பினீசிய - கிரேக்க மொழித் தொடர்பு

பினீசிய - கிரேக்க மொழித் தொடர்பு என்பது, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த பினீசியருக்கும் ஏஜியன் கடற்பகுதியில் வாழ்ந்த கிரேக்கருக்கும் இடையே, கடல் வணிகத்தின் வழியாக ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நடைபெற்ற சொல், எழுத்து, பெயர் ஆகியவற்றின் பரிமாற்றத்தைக் குறிக்கும். கிரேக்க எழுத்துமுறை இத்தொடர்பின் மிகப் பெரிய விளைவாகும். இலத்தீன், சிரில்லிய எழுத்துமுறைகள் கிரேக்க எழுத்திலிருந்து கிளைத்தவை. ஆகவே இன்று ஐரோப்பிய மொழிகளுள் பெரும்பாலானவை எழுதப்படும் வரிவடிவங்களின் மூலம் பினீசியரிடம் சென்று சேர்கிறது.

பினீசிய மொழி செமிட்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எபிரேயத்துக்கு மிக நெருங்கியது. கிரேக்கம் இந்திய-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் பிறப்பால் உறவற்றவை என்பது இங்கு முக்கியமானது. ஒரே சொல் இரண்டு மொழிகளிலும் காணப்பட்டால், அது ஒரு தாயிடமிருந்து இரு பிள்ளைகளும் பெற்ற சொத்தாக இருக்க முடியாது. ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியிருக்க வேண்டும். அல்லது இரண்டும் மூன்றாவது மொழியொன்றிலிருந்து பெற்றிருக்க வேண்டும். அல்லது ஒப்புமை தற்செயலானதாக இருக்க வேண்டும். இம்மூன்றில் எது என்று முடிவு செய்வதிலேயே இத்துறையின் கருத்து வேறுபாடுகள் பெரும்பாலும் அடங்கியுள்ளன.

பினீசியர்

இன்றைய லெபனானின் கரையோரத்தையும் அதனை ஒட்டிய சிரியா, இஸ்ரேல் கரைப் பகுதிகளையும் சேர்ந்த நகரங்களின் மக்களே பினீசியர் எனப்படுகின்றனர். தமிழ் விவிலியத்தில் தீரு, சீதோன் என வழங்கும் நகரங்களும், பிப்லோஸ், அர்வாத் ஆகியவையும் இவற்றுள் முதன்மையானவை. இந்நகரங்கள் தனித்தனி அரசுகளாக இருந்தன. அவற்றின் மக்கள் தம்மைத் தீருவினர், சீதோனியர் என ஊர்ப் பெயராலேயே அழைத்துக்கொண்டனர். "பினீசியர்" என்பது கிரேக்கர் இட்ட பெயர். கருஞ்சிவப்பு நிறத்தையும் பேரீச்ச மரத்தையும் குறிக்கும் "பொய்னிக்ஸ்" என்ற கிரேக்கச் சொல்லோடு இது தொடர்புடையது. கடல் நத்தையிலிருந்து எடுக்கப்பட்ட ஊதாச் சாயத்துக்கு இக்கரை பெயர் பெற்றிருந்ததை இப்பெயருக்குக் காரணமாகக் கூறுவதுண்டு.

எழுத்துக்கு முன் வந்த சொற்கள்

பினீசியர் கிரேக்கருக்கு எழுத்தைக் கொடுத்தனர் என்ற செய்தி பரவலாக அறியப்பட்டது. ஆனால் எழுத்து வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே செமிட்டிக் சொற்கள் கிரேக்கத்தில் புகுந்துவிட்டன என்பது 1952-க்குப் பிறகே உறுதியாயிற்று. அவ்வாண்டில் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற பிரித்தானியக் கட்டடக் கலைஞர், கிரீட் தீவிலும் கிரேக்கப் பெருநிலத்திலும் கிடைத்த களிமண் பலகைகளில் உள்ள "நேரியல் பி" எழுத்தைப் படித்தறிந்தார். அது கிரேக்க மொழியின் மிகப் பழைய வடிவத்தை எழுதியது என்றும் காட்டினார். ஏறத்தாழ கி.மு. 1400 முதல் 1200 வரையிலான இப்பலகைகள் அரண்மனைப் பண்டகசாலைக் கணக்குகளாகும். அவற்றில் பொன்னுக்கு "கு-ரு-சோ", உள்ளாடைக்கு "கி-தோ", எள்ளுக்கு "ச-ச-ம", சீரகத்துக்கு "கு-மி-நோ" என்ற சொற்கள் வருகின்றன. பிற்காலக் கிரேக்கத்தில் இவை முறையே க்ரூசோஸ், கித்தோன், சேசமோன், கூமினோன் என வழங்கின. இவற்றுக்கு இணையான சொற்கள் சிரியக் கரையிலிருந்த உகாரித் நகரப் பலகைகளிலும் உள்ளன. நான்கும் செமிட்டிக் மொழியொன்றிலிருந்து கிரேக்கத்துக்கு வந்தவை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடில்லை.

இச்சொற்கள் எவ்வாறு வந்தன என்பதைக் கடலடியில் கிடைத்த கப்பலொன்று ஓரளவு காட்டுகிறது. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் என்னும் முனையருகே மூழ்கிய இக்கப்பல் கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. 1984 முதல் 1994 வரை அகழப்பட்டது. ஏறத்தாழ 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும், கானான் நாட்டு ஜாடிகளில் நிரப்பிய மரப்பிசினும், கண்ணாடிக் கட்டிகளும் அதிலிருந்தன. கப்பலில் சென்றவர்களின் பொருட்களுள் மைசீனிய வகைப் பொருட்களும் கிடைத்ததால், கானானியரும் கிரேக்கரும் ஒரே கப்பலில் பயணம் செய்தனர் எனக் கருதப்படுகிறது. பொருளும் ஆளும் ஒன்றாகப் பயணம் செய்யும்போது பெயரும் உடன் வருவது இயல்பு.

இக்கப்பலில் கிடைத்த இன்னொரு பொருள் மொழியாய்வாளருக்குப் பொன்னைவிட மதிப்புள்ளது. அது உள்ளங்கையளவான இரண்டு மரப்பலகைகளைத் தந்தக் கீலால் இணைத்துச் செய்த மடிப்பேடு ஆகும். உட்பக்கம் மெழுகு பூசி அதன்மேல் கூரிய கோலால் எழுதுவர். இத்தகைய ஏட்டுக்குக் கிரேக்கத்தில் "தெல்தோஸ்" என்று பெயர். இச்சொல் "கதவு" எனப் பொருள்படும் செமிட்டிக் சொல்லான "தல்த்" என்பதிலிருந்து வந்தது. கீல் வைத்துத் திறந்து மூடும் பலகையைக் கதவு என்றழைத்ததன் பொருத்தம் ஏட்டைப் பார்த்ததும் விளங்கும். கிரேக்கரைப் பொறுத்தவரை தெல்தோஸ் என்பதில் கதவு இல்லை; எழுதும் பலகை மட்டுமே உண்டு.

பிற்காலத்தில் சேர்ந்த கடன்சொற்களும் பெரும்பாலும் சரக்கும் சந்தையும் சார்ந்தவை. நிறையளவையான "ம்னா", வெள்ளைப்போளமான "மிர்ரா", நறும்பிசினான "லிபனோதோஸ்", ஒட்டகமான "காமேலோஸ்" ஆகியவை அவற்றுட் சில. பேரம் முடிந்ததும் கொடுக்கும் முன்பணத்துக்குக் கிரேக்கர் வழங்கிய "அர்ரபோன்" என்ற சொல்லும் செமிட்டிக் சொல்லே. முன்பணத்துக்கான சொல்லை ஒரு மொழி மற்றொன்றிடமிருந்து வாங்கியிருப்பது, அவ்விரு மொழியினரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேரம் பேசினர் என்பதற்கு நல்ல சான்றாகும். அத்துடன், சரக்கு வந்து சேரும் வரை ஒருவரை ஒருவர் நம்பக்கூடிய ஏற்பாடு ஒன்று இருந்ததையும் அது காட்டுகிறது.

முரட்டுத் துணியைக் குறித்த "சாக்கோஸ்" என்ற சொல்லும் இவ்வகையினது. எபிரேயத்தில் இது "சக்" என வழங்குகிறது. கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கும் அதிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்ற இச்சொல், ஐரோப்பியர் வழியாகத் தமிழில் "சாக்கு" என வந்து சேர்ந்தது. நெல் மூட்டை கட்டும் சாக்குக்கும் பினீசியக் கரைக்கும் உள்ள தொடர்பு இதுவே. கிறித்தவர்களின் மறைநூலைக் குறிக்கும் "பைபிள்", "விவிலியம்" ஆகிய சொற்கள் "நூல்கள்" எனப் பொருள்படும் கிரேக்க "பிப்லியா" என்பதிலிருந்து வந்தவை. அதற்கு மூலமான, பாப்பிரசுத் தாளைக் குறிக்கும் "பிப்லோஸ்" என்ற சொல், அத்தாளை ஏற்றுமதி செய்த பினீசிய நகரின் பெயரிலிருந்து வந்தது எனப் பலர் கருதுகின்றனர். எனினும் இவ்விளக்கத்தை ஏற்காதவர்களும் உளர்.

எழுத்தற்ற நூற்றாண்டுகள்

கி.மு. 1200-ஐ ஒட்டி மைசீனிய அரண்மனைகள் அழிந்தன. கணக்கு எழுத அரண்மனை இல்லாதபோது கணக்கரும் இல்லாது போயினர்; நேரியல் பி எழுத்து அடியோடு மறைந்தது. அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கிரேக்கப் பெருநிலத்தில் எழுத்து இருந்ததற்கான சான்று இல்லை. சைப்பிரஸ் தீவில் மட்டும் அசையெழுத்து ஒன்று தொடர்ந்து வழங்கியது.

எழுத்து நின்றபோதும் கப்பல்கள் நிற்கவில்லை. கிரேக்கத்தின் யூபியா தீவில் உள்ள லெப்கண்டி என்னுமிடத்தில் கி.மு. 10-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் கிழக்கிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருட்கள் கிடைத்துள்ளன. அதே நூற்றாண்டைச் சேர்ந்த யூபிய மட்பாண்டங்கள் தீரு நகரில் கிடைத்துள்ளன. கிரீட்டில் நோசோசுக்கு அருகே தெக்கே என்னுமிடத்துக் கல்லறையொன்றில் பினீசிய எழுத்துப் பொறித்த வெண்கலக் கிண்ணம் கிடைத்தது; அது கி.மு. 900-ஐ ஒட்டியதாகக் கணிக்கப்படுகிறது. கிரீட்டின் தென்கரைத் துறையான கொம்மோசில் கி.மு. 800 அளவில் பினீசியப் பாணியில் மூன்று கல்தூண்களை நட்டு வழிபட்ட சிறு கோயிலொன்றும் இருந்தது. கிரேக்கர் பினீசிய எழுத்தைத் தாமே எழுதத் தொடங்குவதற்கு மூன்று நான்கு தலைமுறைகள் முன்னரே அதனைக் கண்டிருந்தனர் என்பது இவற்றால் தெளிவாகிறது.

எழுத்தின் பரவல்

பினீசிய எழுத்துமுறை 22 எழுத்துகளைக் கொண்டது. வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. 1923-இல் பிப்லோசில் கண்டெடுக்கப்பட்ட அகிராம் அரசனின் கற்பேழையில் உள்ள பொறிப்பு, ஏறத்தாழ கி.மு. 1000-ஐச் சேர்ந்த அதன் முழு வளர்ச்சி பெற்ற வடிவத்தைக் காட்டுகிறது. இதில் உயிரொலிகளுக்கு எழுத்து இல்லை. மெய்களை மட்டும் எழுதிவிட்டு, உயிர்களைப் படிப்பவரின் மொழியறிவுக்கு விட்டுவிடுவர். செமிட்டிக் மொழிகளில் வேர்ச்சொற்கள் மெய்களாலேயே அமைவதால் இது அவர்களுக்குப் பெருங்குறையாகத் தோன்றவில்லை.

கிரேக்கர் எழுத்து வடிவங்களை மட்டும் பார்த்து நகல் எடுக்கவில்லை. ஒருவரிடம் அமர்ந்து கற்றனர் என்பதற்கு எழுத்துகளின் பெயர்களும் வரிசையும் சான்றாகும். கணிதப் பாடத்தில் நம் மாணவர்கள் அறியும் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா ஆகிய பெயர்களுக்குக் கிரேக்கத்தில் எப்பொருளும் இல்லை. செமிட்டிக் மொழியில் ஆலெப் என்றால் எருது. பேத் என்றால் வீடு. தாலெத் என்றால் கதவு. இப்பெயர்கள் எபிரேய நெடுங்கணக்கிலும் அதே வரிசையில் உள்ளன. 119-ஆம் சங்கீதத்தின் பகுதிகளுக்குத் தமிழ் விவிலியத்தில் தலைப்புகளாக நிற்பவை இவையே. உகாரித்தில் கிடைத்த கி.மு. 13-ஆம் நூற்றாண்டு எழுத்துப் பயிற்சிப் பலகைகளிலும் அடிப்படையில் இதே வரிசை காணப்படுகிறது. பொருள் தெரியாத பெயர்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்திருப்பது பள்ளிச் சிறுவர் கற்கும் முறையாகும்.

கிரேக்கர் செய்த பெரிய மாற்றம் உயிரெழுத்துகளை உருவாக்கியதாகும். இதனை ஒரு மேதையின் கண்டுபிடிப்பாகப் புகழ்வது வழக்கம். ஆனால் அதன் பெரும்பகுதி காதின் வேலை எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒவ்வோர் எழுத்தும் தன் பெயரின் முதலொலியைக் குறிக்கும் என்பது பினீசிய எழுத்தின் விதி. ஆலெப் என்ற பெயரின் முதலொலி உண்மையில் "ஆ" அன்று. அதற்கு முன் குரல்வளையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் மெய்யொலி ஒன்று உண்டு. அவ்வொலி கிரேக்கத்தில் இல்லை. ஆகவே கிரேக்க மாணவன் காதில் விழுந்த முதலொலி உயிரே. விதிப்படி அவ்வெழுத்து அவனுக்கு அகரமாயிற்று. அயின் என்ற எழுத்தின் முதலொலி தொண்டையின் அடியில் பிறப்பது. அதுவும் கிரேக்கருக்கு இல்லாததால் அவ்வெழுத்து ஒகரத்துக்குச் சென்றது. "ஹே" எகரமாயிற்று. "யோத்", "வாவ்" ஆகிய யகர, வகர எழுத்துகள் அவற்றுக்கு நெருங்கிய இகர, உகரங்களாயின.

தமிழர் இதனை விளங்கிக்கொள்ள வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அரபு மொழியில் அலி, உமர், ஈத் ஆகிய மூன்று சொற்களும் இதே அயின் என்ற மெய்யொலியில் தொடங்குகின்றன. தமிழில் அவ்வொலி இல்லாததால் நாம் அவற்றை அ, உ, ஈ எனும் உயிர்களில் தொடங்குவனவாகவே கேட்கிறோம், அவ்வாறே எழுதுகிறோம். கிரேக்கருக்கு நேர்ந்ததும் இதுதான்.

இதே நிகழ்ச்சி கிரேக்கருக்குள்ளேயே மீண்டும் ஒருமுறை நடந்தது. "ஹேத்" என்ற எழுத்தைப் பல வட்டாரங்கள் ஹகர ஒலிக்கு வைத்துக்கொண்டன. கிழக்கே அயோனியா வட்டாரத்துப் பேச்சில் ஹகரம் மறைந்துவிட்டதால், அங்கு அவ்வெழுத்தின் பெயர் "ஏட்டா" என ஒலித்து, எழுத்து நெட்டேகாரத்தைக் குறிக்கலாயிற்று. ஏதென்ஸ் நகரம் கி.மு. 403-இல் அயோனிய எழுத்துமுறையை அலுவல் முறையாக ஏற்றபின் அதுவே பொதுவாயிற்று. மேற்கே இத்தாலிக்குச் சென்ற வடிவத்தில் ஹகரமே நிலைத்தது. இலத்தீன் எச் எழுத்து அதன் வழி வந்தது. எக்ஸ் எழுத்தின் கதையும் இத்தகையது. கிழக்கு வட்டாரங்களில் "க்ஹ" ஒலிக்கு நின்ற அவ்வடிவம், யூபியா முதலிய மேற்கு வட்டாரங்களில் "க்ஸ" ஒலிக்கு நின்றது. இத்தாலியில் குடியேறிய யூபியரிடமிருந்து எத்ருஸ்கரும், அவர் வழியே உரோமரும் எழுத்தைப் பெற்றதால் ஆங்கிலத்திலும் அது "க்ஸ" ஆகவே உள்ளது. இவ்வட்டார வேறுபாடுகளை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் அடால்ப் கிர்ச்ஹோப் வண்ணம் தீட்டிய நிலப்படத்தில் காட்டினார். அதனால் "சிவப்பு", "நீலம்", "பச்சை" எழுத்துமுறைகள் என்றே அவை இன்றும் வழங்குகின்றன.

எழுதும் திசையும் உடனே மாறவில்லை. தொடக்கத்தில் கிரேக்கர் பினீசியரைப் போல வலமிருந்து இடமாக எழுதினர். பின்னர் ஒரு வரி வலமிருந்தும் அடுத்த வரி இடமிருந்தும், ஏர் பூட்டிய எருது சால் ஓட்டித் திரும்புவது போல எழுதினர். இடமிருந்து வலம் என்பது இறுதியாக நிலைபெற்றது.

காலமும் இடமும்

எழுத்து எப்போது கைமாறியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1933-இல் ரைஸ் கார்பெண்டர், கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியே என வாதிட்டார். 1973-இல் யோசப் நாவே, எழுத்து வடிவங்களின் பழமையைக் கொண்டு அதனைக் கி.மு. 11-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றார். இதுவரை கிடைத்துள்ள கிரேக்கப் பொறிப்புகளின் காலத்தை வைத்துப் பார்க்கும்போது, கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியோ 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கமோ பொருத்தமாகும் என்பது பலரின் கருத்து. ஏதென்ஸ் நகரில் 1871-இல் கிடைத்த திப்பிலோன் குடுவை கி.மு. 740-ஐ ஒட்டியது, சிறப்பாக நடனமாடுபவருக்குரிய பரிசு எனும் செய்தி அதில் கீறப்பட்டுள்ளது. வடக்குக் கிரேக்கத்தில் மெத்தோனே துறையில் 2003-இல் தொடங்கிய அகழாய்வில் கி.மு. 700-ஐ ஒட்டிய எழுத்துடன் கூடிய மட்கல ஓடுகள் பல கிடைத்துள்ளன.

இவற்றுள் மிகப் புகழ்பெற்றது "நெஸ்தோரின் கிண்ணம்" ஆகும். நேப்பிள்ஸ் வளைகுடாவில் உள்ள இஸ்கியா தீவின் பண்டைய பெயர் பிதெகூசாய். அங்கு யூபியர் குடியேறியிருந்தனர். 1954-இல் ஜோர்ஜோ பூக்னர் என்ற தொல்லியலாளர் அங்குள்ள கல்லறையொன்றில் இக்கிண்ணத்தைக் கண்டெடுத்தார். வலமிருந்து இடமாக மூன்று வரிகள் அதில் கீறப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு ஹோமரின் காவியங்கள் பாடப்பட்ட அதே யாப்பில் அமைந்தவை. சரக்குக் கணக்கு எழுதக் கிரேக்கர் எழுத்தை ஏற்றனர் என்பது பொதுவான ஊகம். ஆனால் மிகப் பழைய பொறிப்புகளுள் கணக்கைவிட விருந்தும் விளையாட்டும் பாட்டுமே மிகுதி. இதனைக் கொண்டு, ஹோமரின் பாடல்களை எழுதிவைப்பதற்காகவே உயிரெழுத்துகள் உருவாக்கப்பட்டன என்று 1991-இல் பாரி பவல் வாதிட்டார். இக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. கணக்குகள் மெழுகிலும் தோலிலும் எழுதப்பட்டு அழிந்திருக்கலாம்; மட்கலம்தான் அழியாமல் நிற்கிறது.

எங்கே என்ற கேள்விக்கு யூபியா, கிரீட், சைப்பிரஸ், சிரியக் கரையின் அல் மினா எனப் பல விடைகள் கூறப்படுகின்றன. இரு மொழியினரும் அண்டை வீட்டாராக வாழ்ந்த ஊர் எதுவும் இதற்குப் பொருந்தும். பிதெகூசாயில் செமிட்டிக் எழுத்துக் கீறிய ஜாடியொன்றில் குழந்தை ஒன்று அடக்கம் செய்யப்பட்டிருந்தது. கிரேக்கக் குடியிருப்பின் இடுகாட்டில் கிழக்கத்தியக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையைப் புதைத்தது எனச் சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். கலப்பு மணத்தில் பிறந்து இரு மொழியும் பேசி வளர்ந்த பிள்ளைகளே எழுத்தை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

கிரேக்கரின் நினைவில்

தம் எழுத்து எங்கிருந்து வந்தது என்பதைக் கிரேக்கர் மறைக்கவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எரொடோட்டஸ், கட்மோஸ் என்பவனுடன் வந்து குடியேறிய பினீசியர் எழுத்தைக் கொண்டுவந்தனர் என்றும், அயோனியர் எழுத்துகளைப் "பினீசியப் பொருட்கள்" என்றே அழைத்தனர் என்றும் எழுதியுள்ளார். இதனைக் கல்வெட்டுகள் உறுதி செய்கின்றன. இன்றைய துருக்கிக் கரையில் இருந்த தேயோஸ் நகரத்தின் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, தூண்களில் உள்ள எழுத்துகளை அழிப்போரைச் சபிக்கும்போது அதே சொல்லைப் பயன்படுத்துகிறது.

கிரீட்டில் கி.மு. 500-ஐ ஒட்டிய வெண்கலக் கவசத் துண்டொன்றில் பொறித்த ஒப்பந்தம் இதனினும் சுவையானது. அது ஸ்பென்சித்தியோஸ் என்ற எழுத்தனை அவ்வூரின் எழுத்தனாகவும் நினைவுகாப்போனாகவும் அவன் வழித்தோன்றல்களோடு சேர்த்து நியமிக்கிறது. அவன் தொழிலுக்கு அங்கு வழங்கும் சொல் "பொய்னிகஸ்தாஸ்". அதாவது "பினீசியம் செய்பவன்". எழுத்து வந்து முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், எழுதுவது என்பதே பினீசியத் தொழிலாக நினைக்கப்பட்டது. இப்பொறிப்பு தற்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஐயத்துக்குரிய ஒப்புமைகள்

கடன்சொற்களைத் தேடுவதில் இரு எதிரெதிர்ப் போக்குகள் இருந்துள்ளன. 1646-இல் வெளியான தம் நூலில் பிரெஞ்சு அறிஞர் சாமுவேல் போசார்ட், மத்தியதரைக் கடலைச் சுற்றிய ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் பினீசிய மூலம் கண்டார். மாறாக, 1894-இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் கார்ல் யூலியஸ் பெலோக், தொடக்க காலத்தில் ஏஜியன் கடலில் பினீசியர் இருந்ததையே மறுத்தார். கிரேக்கப் பண்பாடு யாரிடமும் எதுவும் பெறாமல் தானே மலர்ந்தது என்ற எண்ணமும், அக்கால ஐரோப்பாவில் நிலவிய யூத வெறுப்பும் இம்மறுப்புக்குப் பின்னணியில் இருந்தன என்பதைப் பிற்கால ஆய்வாளர் சுட்டியுள்ளனர். 1967-இல் எமிலியா மாசோன் ஒலி, பொருள், காலம் ஆகிய மூன்றும் பொருந்துபவற்றை மட்டும் ஏற்றுச் சுருக்கமான பட்டியலொன்றை வெளியிட்டார். 1980-களில் வால்ட்டர் புர்க்கெர்ட் கைவினைஞர், மருத்துவர், குறிசொல்வோர் வழியே கிழக்கின் செல்வாக்கு பரவியதை விரித்துரைத்தார். 1987-இல் மார்ட்டின் பெர்னல் வெளியிட்ட "கருப்பு ஏதெனா" ஐரோப்பிய அறிஞரின் முற்சாய்வைப் பற்றிய விவாதத்தைப் பரவலாக்கியது. ஆயினும் அவர் காட்டிய சொற்பிறப்புகளுள் மிகப் பல மொழியியலாளரால் ஏற்கப்படவில்லை.

கட்மோஸ் என்ற பெயரைக் "கிழக்கு" எனப் பொருள்படும் செமிட்டிக் வேரோடும், ஐரோப்பா என்ற பெயரை "மாலை, மேற்கு" எனப் பொருள்படும் வேரோடும் இணைப்பது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. முதலாவது இயலாததன்று, இரண்டாவதன் ஒலிப்பொருத்தம் வலுவற்றது. கதை அழகாக இருப்பது சான்று ஆகாது.

இதே எச்சரிக்கை தமிழருக்கு நன்கு தெரிந்த ஒரு சொல்லுக்கும் பொருந்தும். தீருவின் அரசன் ஈராமின் கப்பல்களோடு சென்ற சாலமோனின் கப்பல்கள் பொன், தந்தம் முதலியவற்றுடன் "துக்கிய்யீம்" என்பவற்றைக் கொண்டுவந்ததாக எபிரேய விவிலியம் கூறுகிறது. இது மயில்களைக் குறிப்பதாகவும், தமிழ்த் "தோகை" என்பதன் திரிபாகவும் கால்டுவெல் உள்ளிட்டோர் கருதினர். வேறு சிலர் இதனைக் குரங்கு வகையொன்றைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லோடு இணைக்கின்றனர். ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு இதனை உறுதியான தமிழ்க் கடன்சொல்லாக எழுதுவது பொருத்தமன்று.

இருமொழிக் கல்வெட்டுகள்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டு முதல் இரு மொழிகளும் ஒரே கல்லில் அருகருகே காணப்படுகின்றன. சைப்பிரசின் இதாலியோனில் 1869-இல் கிடைத்த கல்வெட்டு கி.மு. 388-ஐச் சேர்ந்தது. பினீசிய மொழியிலும் சைப்பிரஸ் அசையெழுத்தில் எழுதிய கிரேக்கத்திலும் அமைந்த அது, பினீசியரின் ரெசெப் கடவுளைக் கிரேக்கரின் அப்பொல்லோவாகப் பெயர்க்கிறது. இக்கல்வெட்டைக் கொண்டே ஜார்ஜ் ஸ்மித் 1870-களின் தொடக்கத்தில் சைப்பிரஸ் அசையெழுத்தைப் படிக்க வழி கண்டார்.

பினீசிய எழுத்தைப் படிக்க உதவியது மால்ட்டாத் தீவில் கிடைத்த இணைத் தூண்களாகும். கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவற்றை 1758-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ழாக் பார்த்தெலெமி படித்தறிந்தார். ஒரு தூண் 1782-இல் பிரெஞ்சு அரசனுக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்டு இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது; மற்றது மால்ட்டாவில் உள்ளது. தீருவைச் சேர்ந்த உடன்பிறந்தோர் இருவர் இவற்றை நேர்ந்து நிறுவினர். பினீசியப் பகுதியில் அவர்கள் பெயர் அப்தோசிர், ஒசிர்சமர். கிரேக்கப் பகுதியில் தியோனிசியோஸ், சரப்பியோன். எகிப்தியக் கடவுளான ஒசிரிசின் பெயர் கலந்த பினீசியப் பெயர்களுக்கு, ஒசிரிசோடு ஒன்றாகக் கருதப்பட்ட தியோனிசோஸ், செராப்பிஸ் ஆகிய கடவுளரின் பெயர் கலந்த கிரேக்கப் பெயர்கள் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தீருவின் தெய்வமான மெல்கார்த் கிரேக்கத்தில் எராக்ளீஸ் ஆகிறார். இரு பகுதிகளும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பினீசியப் பகுதி வேண்டுதலைக் கேட்ட தெய்வத்துக்கு நன்றி கூறி அருளை வேண்டுகிறது. கிரேக்கப் பகுதி யார் யாருக்கு நிறுவினர் என்பதோடு முடிகிறது. முன்னது தெய்வத்தை நோக்கியும் பின்னது வழிப்போக்கரை நோக்கியும் எழுதப்பட்டவை போலும்.

ஏதென்சில் இறந்த அஸ்கலோன் ஊரினன் ஒருவனின் கல்லறைக் கல்லில், பினீசியத்தில் சேம் மகன் அப்தஸ்தார்த் எனத் தலைகீழாகப் படித்துவிடக்கூடாது. இறந்தவன் சேம், தந்தை அப்தஸ்தார்த். கிரேக்கத்தில் இறந்தவன் அந்திபாத்ரோஸ், தந்தை அப்ரோதிசியோஸ். "அஸ்தார்த்தின் அடியான்" என்ற தந்தை பெயர், அத்தேவிக்கு இணையான அப்ரோதித்தேயின் பெயரால் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. கல்லை நட்ட சீதோனியனின் பெயரோ மொழிபெயர்க்கப்படாமல், கிரேக்க ஈறு மட்டும் சேர்த்து "தோம்சலோஸ்" என எழுதப்பட்டுள்ளது. ஒரே கல்லில் ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டார். மற்றவர் உச்சரிப்பை மட்டும் மாற்றிக்கொண்டார்.

எதிர்த்திசைப் பரவல்

பிற்காலத்தில் ஓட்டம் திசை மாறியது. ஏதென்சின் துறைமுகமான பிரேயசில் வாழ்ந்த சீதோனியர் தம் தலைவர் ஒருவருக்குப் பொன்முடி சூட்டி எழுப்பிய கல்வெட்டு பினீசிய மொழியில் உள்ளது. ஆனால் அதன் நடை முழுவதும் கிரேக்க நகர மன்றத் தீர்மானத்தின் நடையாகும்; முடியின் மதிப்பும் "திராக்மா" என்ற கிரேக்க நாணயக் கணக்கிலேயே கூறப்படுகிறது. ஸ்தோயிக்கத் தத்துவத்தை நிறுவிய செனோன், பினீசியர் குடியேறிய சைப்பிரஸ் நகரான கித்தியோனில் பிறந்தவர். பழைய ஆசிரியர்கள் அவரைப் பினீசியர் என்றே குறித்தனர். அவர் கற்பித்ததும் எழுதியதும் கிரேக்கத்தில்.

தாயகத்தில் பினீசிய மொழி கிரேக்கத்துக்கும் அரமேயத்துக்கும் இடங்கொடுத்து மறைந்தது. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் வழிவந்த அதன் கிளை பூனிக்கம் எனப்படும். கி.மு. 146-இல் கார்த்தேஜ் அழிந்த பின்னும் அது பல நூற்றாண்டுகள் பேசப்பட்டது, கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடத் தம் பகுதியின் ஊரொன்றுக்குப் பூனிக்கம் தெரிந்த ஆயரைப் புனித அகுஸ்தீன் தேட வேண்டியிருந்தது. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகருக்கு அருகே எல் ஹோப்ரா என்னுமிடத்தில் கிடைத்த பூனிக்க நேர்ச்சைக் கற்களுள் சில, பூனிக்க மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதுகின்றன. பினீசிய எழுத்து உயிர்களைக் காட்டாததால், அம்மொழிச் சொற்கள் வாயில் எவ்வாறு ஒலித்தன என்பதை அதன் சொந்தக் கல்வெட்டுகளிலிருந்து முழுமையாக அறிய இயலாது. காதில் விழாத மெய்களுக்கு மாற்றாகக் கிரேக்கர் வைத்த அதே உயிரெழுத்துகள் இக்கற்களில் வருவதால், பூனிக்க உயிரொலிகளை அறிய இவை ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.